திறப்பு விழாவும் திறப்பும்

மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளர் ஐயாவுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் சிறுவர் பூங்காவுக்கு நேர்முன்னால் இருக்கிற தையல்காரி. பெயரைச் சொன்னால் உங்களில் ஒருவருக்கும் பிடிபடாது. "பார்க் திறப்பு வைச்சிருக்கிற மனுசி" என்று கேட்டால் ஒழுங்கையில் படுத்திருக்கிற நாய்கூட வீட்டைக் காட்டிவிடும். அந்தத் திறப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

2019 இல் பூங்காவுக்குத் திறப்பு விழா நடந்தது. வாழை கட்டினார்கள், மாவிலைத் தோரணம் கட்டினார்கள், நிறைகுடம் வைக்க மேசை என் வீட்டில் இருந்துதான் போனது. பேச்சுகள் முடிந்து வாகனங்கள் எல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகு, சபை ஊழியர் ஒருவர் றோட்டைக் கடந்து வந்தார். "அக்கா, ஒரு கிழமைக்கு இதை வைச்சிருங்கோ. காவலாளியைப் போட்ட உடன வந்து வாங்கிறன்" என்று கையில் ஒரு திறப்பை வைத்தார். அந்த ஒரு கிழமை இன்னும் முடியவில்லை. எங்கள் பேச்சில் விழாவுக்கும் திறப்பு, பூட்டுக்கும் திறப்பு. விழாவைச் சபை கொண்டு போனது. மற்றது என் தையல் மெசினுக்கு மேலே, அளவுநாடாவோடு சேர்ந்து ஆணியில் தொங்குகிறது.

அப்போது இருந்த சபை வேறு என்பது எனக்குத் தெரியும். அது 2023 மார்ச்சில் கலைந்தது. பிறகு இரண்டு வருசத்துக்கு மேல் போய்ச் சொல்ல உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. 2025 மே 6 ஆம் திகதி வரிசையில் நின்று வாக்குப் போட்டு உங்களை அனுப்பினோம். ஆகவே பழசுக்கு உங்களைப் பிடிக்க வரவில்லை. திறப்பு மட்டும் இப்போது உங்களுடையது.

வெளியூரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும் எங்கள் இடம் விளங்க வேண்டும். வவுனியா நகரைச் சுற்றி இருக்கிற ஊர்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: நெளுக்குளம், கூமாங்குளம், பண்டாரிக்குளம், இறம்பைக்குளம், வேப்பங்குளம், உக்குளாங்குளம். முதலில் குளம், குளத்துக்குக் கீழே வயல், வயலை அண்டி வீடு. இப்போது வயல் குறைந்து மதில் கூடிவிட்டது, ஆனால் பெயர் மாறவில்லை. எங்களுடையதும் குளத்தில் முடிகிற ஊர்தான். எது என்று எழுதவில்லை. அயல் ஊரில் இருப்பவர்களும் "இது எங்கட பார்க் கதை மாதிரி இருக்கே" என்று நினைத்தால் நல்லதுதான்.

எங்கள் ஒழுங்கையில் இருபத்துமூன்று வீடு. 1977 கலவரத்தோடு மலையகத்தில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, வன்னி முழுக்க அலைந்து இங்கே வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். 2009 இல் போர் முடிந்த பிறகு செட்டிகுளம் முகாமால் வெளியில் வந்து, ஊருக்குப் போகாமல் இங்கேயே அரை ஏக்கரோ கால் ஏக்கரோ வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பரம்பரை ஆட்கள் இரண்டே வீடு. இன்றைக்கு இந்த ஒழுங்கையில் நடக்கிற ஆகப் பெரிய சண்டை, யாருடைய தென்னோலை யாருடைய மதிலுக்குள் விழுந்தது என்பதுதான். போன மாதம் அதற்கு விதானையார் வரை போய் வந்தார்கள். நான் மெசினை நிற்பாட்டிவிட்டு இரண்டு பக்கத்தையும் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி ஒரு சண்டை பிடிக்கக் கிடைக்கிறதுக்கு எவ்வளவு காலம் காத்திருந்தோம்!

இனி பூங்காவுக்கு வருகிறேன். வாசலில் ஒரு பலகை இருக்கிறது. திறந்திருக்கும் நேரம் முற்பகல் 8.30 தொடக்கம் பிற்பகல் 4.30 வரை. மூன்று மொழியிலும் எழுத்துப் பிழை இல்லை, நேரம்தான் பிழை.

நான் காலை நாலரைக்கு எழும்புகிற ஆள். அந்த நேரத்துக்கே குளக்கட்டில் நடக்கிறவர்கள் வந்துவிடுவார்கள். முக்கால்வாசிப் பேர் சலரோகக்காரர். டொக்டர் நடக்கச் சொன்ன ஆட்கள், கையில் ரோச் லைற், நாய்க்கு ஒரு தடி. குளத்துத் தண்ணி திறந்துவிடுகிற துருசடிக்குப் போய்த் திரும்பி வந்தால் கால் உளையும். இருக்க இடம் வேண்டும். பூங்காவுக்குள் ஆறு வாங்கு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் அன்பளிப்புச் செய்தவரின் பெயர் இருக்கிறது. வாசலில் பூட்டு இருக்கிறது. அதனால் எழுபது தாண்டிய மனிதர்கள் வெளியில் மதகுக் கட்டில் வரிசையாய்க் குந்தியிருந்து, கம்பிக்கு அங்கால் இருக்கிற வாங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் என்னைக் கண்டுவிட்டு, "பிள்ளை, உள்ளுக்கு இருக்கிற வாங்கு எல்லாம் சுகமோ?" என்று கேட்டார். அன்றைக்கே திறந்துவிட்டிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். பலகையில் நேரம் எழுதியிருக்கிறதே.

ஆறு மணிக்குப் பாண் ஓட்டோ பாட்டோடு வரும். ஏழு மணிக்கு ஒழுங்கை முழுக்க வெள்ளைச் சீருடை. எட்டரைக்கு நான் போய்ப் பூட்டைத் திறக்கிறேன். திறந்து யாருக்கு? பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு மணித்தியாலம். பெரியவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். குரங்குகள் வரும், அவைக்குத் திறப்பு தேவையில்லை என்றாலும். பதினொரு மணியளவில் கிழமைக் கடன் சேர்க்கிற தம்பிமார் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு வேப்பமரத்துக்குக் கீழே இருந்து கணக்குப் பார்ப்பார்கள். பூங்காவில் நிழல் என்று இருப்பது அந்த ஒரு வேம்புதான். அதுவும் சபை நட்டது இல்லை, காகம் போட்ட கொட்டை.

மத்தியானம் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். ஒரு நாள் பின்னேரம் மூன்று மணி, சோளகம் அடிக்கிற ஆனி மாதம். பக்கத்து வீட்டுப் பொடியன் தனியாக வந்தான். சறுக்கீஸில் ஏறினான். உச்சியில் இருந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டான். கீழே இறங்கி, பள்ளிக்கூடத் தண்ணிப் போத்திலைக் கொண்டு மறுபடியும் ஏறி, தண்ணியைச் சறுக்குக்கு மேலால் ஊற்றினான். அது பாதித் தூரம் வர முதலே காய்ந்துவிட்டது. பிறகு எங்கேயோ ஓடிப்போய் ஒரு உரப்பையைக் கொண்டு வந்து, அதில் இருந்து சறுக்கினான். ஒரு தரம்தான். கீழே வந்ததும் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "அன்ரி, பார்க் வேலை செய்யேல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். இதைவிட நல்ல அறிக்கை எந்தப் பொறியியலாளரும் உங்களுக்குத் தரமாட்டார்.

இரண்டரையில் இருந்து ஐந்து ஐந்தரை வரைக்கும் ரியூசன். புலமைப்பரிசில் வகுப்பு என்றால் இன்னும் பிந்தும். நாலரைக்கு நான் பூட்டுகிறேன். ஐந்தேகாலுக்குப் பிறகுதான் காற்றுத் திரும்பி, குளத்துப் பக்கத்தால் குளிர் வரும். ரியூசன் முடிந்த சைக்கிள்கள் வரும். கைக்குழந்தைகளோடு தாய்மார் வருவார்கள். தோட்டத்தால் வந்து குளித்த ஆம்பிளைகள், வேலைவிட்டு வருகிற கடைப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். வந்து பூட்டைப் பார்ப்பார்கள். பிறகு என் வீட்டைப் பார்ப்பார்கள். ஆடியில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. அந்த நேரம் முழுக்க நான் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருப்பது போல நடிக்க வேண்டியிருக்கிறது. "அன்ரி, பத்து நிமிசம்!" "அக்கா, பிள்ளை அழுகுது." ஏழு வருசமாய் ஒரு ஒழுங்கைக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி, என்னைக் கண்டால் முகம் சுழிக்கிற குழந்தைகளும் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளின் சீருடையைத் தைப்பதும் நான்தான்.

தையலோடு சேர்ந்த கணக்கு ஒன்றும் என்னிடம் இருக்கிறது. இந்த வருசம் மட்டும் ஒன்பது காற்சட்டை, நாலு பாவாடை. எல்லாம் ஒரே மாதிரிக் கிழிவு, மேலிருந்து கீழே ஒரு சாண் நீளத்துக்கு. உங்கள் கேற்றுக்கு மேலே வேல் மாதிரிக் கூர் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதில் ஏறிக் குதிக்கிறபோது பிடிக்கிற கிழிவு. துணியைக் கண்டவுடனேயே எந்தக் கம்பி என்று சொல்லுவேன். அந்தக் கிழிவுக்கு நான் காசு வாங்குவதில்லை, பூட்டினது நான் என்பதால். இதுவரைக்கும் துணிதான் கிழிந்தது. துடை கிழிகிற நாள் வர முதல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு மெசினை மூடிவிட்டு இருந்தேன்.

ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பலகையை மீறி நான் பூங்காவைத் திறந்திருக்கிறேன். 2022 பங்குனி, சித்திரை மாதம். மின்வெட்டுக் காலம். பங்குனி 31 ஆம் திகதிக்குப் பதின்மூன்று மணித்தியாலம் என்று அறிவித்தார்கள். வீடுகளுக்குள் இருக்க ஏலாது, காற்றாடி இல்லை, நுளம்பு. பெற்றோல் இல்லாததால் ஒருவரும் ஒரு இடமும் போகவும் ஏலாது. என்னிடம் பழைய கால்மெசின் இருந்ததால் தொழில் தப்பியது, ஆனால் இருட்டில் ஊசிக்கண் தெரியாது. ஏழரை போல இரண்டு குழந்தைகள் வேர்த்து விறுவிறுத்து அழுகிற சத்தம் இரண்டு பக்க வீட்டிலும் கேட்டது. ஆணியில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்த் திறந்துவிட்டேன்.

பாய் கொண்டு வந்தார்கள். ஒருவர் லாந்தர் கொண்டு வந்து ஊஞ்சல் தூணில் மாட்டினார். தென்னோலைச் சண்டைக்காரர் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து டொலர் விலை கதைத்தார்கள். மேல் வீட்டு மாமி ஒரு சட்டி அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும் கொண்டு வந்து நடுவில் வைத்தா. யார் யார் எந்த முகாமில் இருந்தார்கள், எந்த வரிசையில் எத்தனையாவது கொட்டில் என்று அன்றைக்குத்தான் பல பேருக்குத் தெரிய வந்தது. இருபது வருசம் அயலில் இருந்தவர்கள். பத்தரைக்குக் கரண்ட் வந்தபோது பிள்ளைகள் "ஹோ" என்று கத்தினார்கள், ஆனால் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு மேல் ஒவ்வொரு இரவும் திறந்தேன். ஒரு ஊஞ்சல் சங்கிலி அறவில்லை, ஒரு வாங்கு உடையவில்லை. காலையில் பார்த்தால் கடதாசிக் குப்பைகூட இல்லை, மாமியின் சட்டி மட்டும் மறந்துபோய்க் கிடந்தது. கரண்ட் வழமைக்கு வந்தது, நானும் பலகைக்குத் திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

பூட்டுக்குச் சபை சொல்லுகிற காரணங்கள் எனக்கு மனப்பாடம். குடிக்கிற ஆட்கள் வருவார்களாம். ஐயா, குடிக்கிற ஆள் பூட்டைக் கண்டு திரும்பிப் போனதை இந்த ஏழு வருசத்தில் நான் காணவில்லை. அவர்கள் இரவு பத்துக்குப் பிறகு பின்பக்கத்தால் ஏறி வருவார்கள். காலையில் போத்தில் பொறுக்குவது நான். பிள்ளை குட்டியோடு அயல் முழுக்க இருக்கிற இடத்துக்கு எவன் போத்திலோடு வருவான்? நாலரைக்கே நாங்கள் இடத்தைக் காலியாக்கிக் கொடுத்தால் அவர்களுக்கு வசதி. உடைப்பார்கள் என்ற காரணத்துக்கு மேலே எழுதிய இரண்டு கிழமையே பதில்.

மாடு வரும் என்பது மட்டும் மெய். குளத்துக்குத் தண்ணி குடிக்க வருகிற கட்டாக்காலி மாடுகள் உள்ளே வந்தால், நட்டது ஒன்றும் மிஞ்சாது. ஆனால் மாட்டுக்கும் மனிசருக்கும் வித்தியாசம் தெரிகிற வாசல் ஒன்றை எங்கள் சனம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அதற்குப் பெயர் கடப்பு. எங்கள் அப்பு தோட்டத்து வேலியில் கட்டினதை நான் சின்னனில் பார்த்திருக்கிறேன். வேலியில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, முழங்கால் உயரத்துக்குக் குறுக்குத் தடி. மனிசர் காலைத் தூக்கி வைத்துக் கடந்து போவார்கள், மாடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பும். பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை, காவலாளிச் சம்பளமும் இல்லை. இப்போது இரும்புக் குழாயில் வளைத்து வளைத்துப் போகிற மாதிரியும் செய்கிறார்கள். எங்கள் ஒழுங்கை வெல்டிங் தம்பி அரை நாளில் செய்து தருவதாகச் சொல்லுகிறார், கேற்றுக்கு மேலே இருக்கிற கூர்களையும் அறுத்துவிடுவாராம்.

இதை ஒழுங்கையில் கதைத்தபோது ஒரு பிழை பிடிபட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் ஒழுங்கையில் சக்கர நாற்காலியில் ஒரு தம்பி இருக்கிறார், பொய்க்கால் போட்ட ஒரு அண்ணையும் இருக்கிறார். வன்னியில் எந்த ஒழுங்கையை எடுத்தாலும் இப்படி ஒருவராவது இருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடப்பு அவர்களுக்குச் சரிவராது. அந்தத் தம்பியே வழி சொன்னார்: "அக்கா, பெரிய கேற்றைப் பூட்டாமல் கொண்டியை மட்டும் போடச் சொல்லுங்கோ. மாட்டுக்குக் கொண்டி திறக்கத் தெரியாது." தெரிந்த மாடு ஒன்று இருக்கிறது, கோயிலடியில் நிற்கிற சிவப்பி, கொம்பால் கிளப்பிவிடும். அதற்காகக் கொண்டியைக் கொஞ்சம் கீழே, சக்கர நாற்காலியில் இருந்து கை எட்டுகிற உயரத்தில், உட்பக்கமாய் வைத்தால் போதும். அதோடு வாசலில் இருக்கிற படியைச் சரிவாக்கித் தாருங்கள். இரண்டு பக்கெற் சீமெந்து வேலை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா இருக்கிறார். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துக் காட்டினார். மக்களின் சௌகரியத்தையும் வசதியையும் நலனையும் பேணுவது சபையின் பொறுப்பு என்று அதில் வருகிறது. காலை எட்டரை தொடக்கம் நாலரை வரைக்கும் என்று அதில் இல்லையாம். இரண்டு தரம் பார்த்தார்.

கேட்கிறது பெரிதாய் ஒன்றும் இல்லை. பூட்டை எடுங்கள். கடப்பும் கொண்டியும் வையுங்கள். வாசலில் இருக்கிற சோலார் லைற் மாதிரி உள்ளுக்கு இரண்டு. கார்த்திகை மரநடுகை மாதத்துக்குப் படம் எடுக்க வரும்போது பூமரம் கொண்டு வராமல் மருது கொண்டு வாருங்கள். குளக்கசிவு இருக்கிற நிலம், மருதுக்கு அதுதான் வேண்டும். சறுக்கீஸுக்கு மேற்குப் பக்கம் இரண்டு நட்டு, ஆடு தின்னாமல் கூடு போட்டால் தண்ணி ஊற்றுகிற பொறுப்பை ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு நான் பிரித்துக் கொடுக்கிறேன். மரம் வளர்கிற வரைக்கும் ஒரு பச்சை வலை கட்டலாம். துணி வெட்டித் தைத்துத் தர நான் இருக்கிறேன், வலைக்கான காசை மட்டும் தாருங்கள்.

என் அம்மாவைப் பற்றி ஒரு சொல். அவ இந்தப் பூங்காவுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. தொண்ணூறுகளில் நாங்கள் இருந்தது இடம்பெயர்ந்த ஆட்களை வைத்திருந்த பூந்தோட்டம் முகாமில். பெயர் பூந்தோட்டம். வெளியில் போய் வருவதற்குப் பாஸ் எடுத்துத் திரிந்த காலம். பேரப்பிள்ளைகளோடு கேற்று வரைக்கும் வருவா, நேரப் பலகையைப் பார்ப்பா, "நீங்கள் போட்டு வாங்கோ, நான் மதகில இருக்கிறன்" என்பா. எண்பத்தொரு வயது. வாதாடி ஆகாது. கேற்றில் நேரம் எழுதியிருக்கிற இடம் எதற்குள்ளும் அவ போகமாட்டா, ஆசுப்பத்திரியைத் தவிர.

உங்களில் ஒரு உறுப்பினர் எங்கள் பக்கத்தவர்தான். தம்பி, நீங்கள் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது முதல் நீளக் காற்சட்டை தைத்துத் தந்தது இந்தக் கைதான், அதனால் உரிமையோடு கேட்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு, வாகனம் இல்லாமல், சைக்கிளில் வாருங்கள். மதகில் இருக்கிற ஆட்களோடு அரை மணித்தியாலம் இருங்கள். தேத்தண்ணி நான் தருவேன். திறப்பையும் அப்போதே தருவேன். வாங்காமல் போனால் அடுத்த சனிக்கிழமை காலை நாலரைக்கு நான் போய்த் திறந்துவிட்டு, பிறகு பூட்டப் போவதில்லை. இதை மிரட்டலாய் எடுக்க வேண்டாம். முன்கூட்டியே அறிவிக்கிறேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பூங்காவுக்கு முன்வீட்டுத் தையல்காரி

பி.கு.: பூட்டு மழைக்குத் துருப்பிடித்து இறுகிவிட்டது. இரண்டு வருசமாய்த் தையல் மெசின் எண்ணெய் விட்டுத்தான் திறக்கிறேன். அந்தப் போத்தில் காசை நான் கேட்கவில்லை.